எங்கெங்க உக்காரலாம்? அழகர் வந்த வழியில் ஒரு சனி, ஒரு ஞாயிறு

(இது எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவற்றை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

இன்னிக்கு எபிசோட் ஒரு எக்செல் ஷீட்டிலிருந்து ஆரம்பிக்குது.

மார்ச் மாசம் ஒரு வார இறுதி. வெள்ளி ராத்திரி எக்மோரில் ரயில் ஏறினா சனி காலையில் மதுரை. ஞாயிறு ராத்திரி திரும்பவும் ரயில். நடுவில் இரண்டு பகல். போறவங்க நாலு பேர்: நான், என் மனைவி, இன்னும் இரண்டு வயசு முடியாத எங்க பாப்பா, 71 வயசான எங்க அம்மா. பாப்பாவுக்கு அழகர்கோவிலில் முதல் மொட்டை. ஒரு வயசிலேயே போட்டிருக்கணும், தள்ளித் தள்ளிப் போயிடுச்சு. எனக்கும் அங்கேதான் மொட்டை போட்டாங்க, அம்மாவுக்கும் அங்கேதான். அம்மா பிறந்தது மேலூர் பக்கம் ஒரு கிராமம். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு அழகர் வீட்டுப் பெரியவர் மாதிரி.

சரி, மதுரை வரைக்கும் போறோம், சும்மா மொட்டை மட்டும் போட்டுட்டு வர முடியுமா? ஷீட் போட்டேன். மீனாட்சி கோயில், புதுமண்டபம், நாயக்கர் மஹால், காந்தி மியூசியம், தெப்பக்குளம், திருப்பரங்குன்றம், கீழக்குயில்குடி சமணர் மலை, கீழடி அருங்காட்சியகம், அழகர்கோவில், பழமுதிர்சோலை, நூபுர கங்கை. மொத்தம் 11 இடம். ஒவ்வொண்ணுக்கும் எத்தனை மணிக்குப் போறோம், எத்தனை மணிக்குக் கிளம்பறோம்னு தனித்தனிக் கட்டம். கலர் வேற கொடுத்திருந்தேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முழுசா வாசிச்சாங்க. வாசிச்சு முடிச்சுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

"எல்லாம் சரி தம்பி. இதுல எங்கெங்க உக்காரலாம்?"

நான் சிரிச்சுட்டேன். "கார்லதானம்மா போறோம், உக்காந்துக்கிட்டேதான் போறோம்"னு சொன்னேன். அம்மா ஷீட்டைத் திருப்பிக் கொடுத்துட்டு, "அப்ப நான் ரூம்லயே இருந்துக்கறேன். நீங்க பாத்துட்டு வாங்க"ன்னாங்க.

இந்தப் பதில் எங்க வீட்டுக்குப் புதுசு இல்ல. மூட்டு வலி வந்த பிறகு, இரண்டு வருஷமா அம்மா எந்தப் பயணத்துக்கும் இதையேதான் சொல்றாங்க. நான் வந்தா உங்களுக்குத் தொந்தரவு, நீங்க போயிட்டு வாங்க. நாங்களும் ஒரு தடவை வற்புறுத்துவோம், அப்புறம் விட்டுடுவோம். வெளிப்படையா சொல்லணும்னா, விட்டுடறது எங்களுக்கும் வசதியா இருந்துச்சு.

வரலாறு பேசற இடத்தில் வீட்டுக் கதையை ஏன் இழுக்கறேன்னு கேட்கலாம். அம்மா கேட்டது ரொம்பப் பழைய கேள்வி. அழகர்கோவில் மதுரைக்கு வடகிழக்கே 21 கிலோமீட்டர். அந்தச் சாலையின் வரலாற்றைத் தோண்டினா, திரும்பத் திரும்ப இந்தக் கேள்விதான் வருது. ஒரு காலத்தில் அந்தக் கேள்விக்கு மக்கள் கல்லாலும் மரத்தாலும் பதில் கட்டி வச்சிருந்தாங்க. இன்னிக்கு அதைத்தான் பார்க்கப் போறோம்.

கைக்குழந்தையோடு வாங்க

முதலில் சங்க இலக்கியத்துக்குப் போயிட்டு வரலாம். பரிபாடல் என்கிற தொகுப்பில் 70 பாடல்கள் இருந்ததாகச் சொல்வார்கள். முழுசாகக் கிடைத்திருப்பவை 22. அதில் 15-வது பாடல் திருமாலிருங்குன்றத்தைப் பற்றியது. அதுதான் இன்றைய அழகர்மலை. பாடியவர் இளம்பெருவழுதியார்.

அந்தப் பாட்டில் ஒரு அழைப்பு வருது. இந்த மலைக்குப் போங்க, தனியாப் போகாதீங்க என்கிற தொனியில் ஒரு பட்டியல். உங்க வீட்டுப் பெண்களோடு போங்க, உங்களைப் பெற்றவர்களோடு போங்க, கைக்குழந்தையோடு போங்க, உங்க மேல் அன்பு வைத்தவர்களோடு போங்க, மலை இருக்கிற திசையைத் தொழுதபடியே போங்க. ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல் பழசு. நாங்க ரயிலில் ஏத்திக்கிட்டுப் போன நாலு டிக்கெட்டும் அந்தப் பட்டியலில் இருக்கு.

இன்னொரு விஷயம் கவனிச்சீங்களா? மலை உச்சிக்கு ஏறினால்தான் கணக்கு என்று பாட்டு சொல்லவில்லை. திசையைத் தொழுதாலே போதும், வழிபாடு ஆரம்பிச்சாச்சு. இதை மனசில் வச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

அடுத்து சிலப்பதிகாரம். கோவலனும் கண்ணகியும் மதுரையில் முடிந்த கதை எல்லாருக்கும் தெரியும். அவர்கள் மதுரைக்கு எப்படி வந்தார்கள் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. புகாரிலிருந்து கிளம்பினது இரண்டு பேர். வழியில் மூன்றாவதாகச் சேர்ந்துகொண்டவர் கவுந்தியடிகள் என்கிற சமணத் துறவி, வயதான பெண். ஆக, வீட்டு வாசலைத் தாண்டி அதிகம் நடந்து பழகாத ஓர் இளம்பெண், ஒரு மூதாட்டி, இவர்களோடு ஓர் ஆண். இந்த மூன்று பேரும் எவ்வளவு வேகத்தில் நடந்தார்கள் என்பதை இளங்கோவடிகள் எழுதி வைத்திருக்கிறார். ஒரு நாளைக்கு ஒரு காவதத்துக்கு மேல் நடப்பதில்லை, பல நாள் தங்கித் தங்கிப் போகிறார்கள். வெயில் கண்ணகிக்குத் தாங்காது என்று ஆனதும் பகலில் இருந்துவிட்டு நிலா வெளிச்சத்தில் நடக்கிறார்கள்.

வழியில் ஒரு மறையவர் மதுரைக்குப் போகும் மூன்று பாதைகளை விவரிக்கிறார். அதில் இடது பக்கப் பாதை திருமால்குன்றம் வழியாகப் போகிறது. அதாவது நம்ம அழகர்மலை. அங்கே உள்ள பொய்கைகள், குகை வழி என்று எல்லாவற்றையும் சொல்கிறார். சுவாரசியமான பாதைதான். ஆனால் அவர்கள் அதில் போகவில்லை, நடு வழியில் போகிறார்கள். பார்க்க வேண்டிய இடம் நிறைய இருக்கிற பாதையை விட்டுவிட்டு, கூட வருகிறவர்களால் நடக்க முடிகிற பாதை. இதைப் படிச்சப்போ என் எக்செல் ஷீட் எனக்கு ஞாபகம் வந்துச்சு. ஆனா படிச்சது ஊருக்குத் திரும்பி வந்த பிறகு.

சனிக்கிழமை, பொற்றாமரைக்குளம்

சனிக்கிழமை ஷீட் பிரகாரம் ஒன்பதரைக்கு மீனாட்சி கோயிலுக்குள் இருக்கணும். பத்தேகாலுக்குத்தான் வாசலுக்கே வந்தோம். பாப்பாவுக்கு இட்லி ஊட்ட முக்கால் மணி நேரம் ஆகும்னு ஷீட்டுக்குத் தெரியாது. கோயிலுக்குள் மொபைலுக்கு அனுமதி கிடையாது, அதைக் கொடுத்துட்டு, செருப்பை விட்டுட்டு, வெறுங்காலோடு நடந்தோம். மார்ச் மாச வெயில்தான், சித்திரை கத்திரி இல்ல. ஆனா பத்தரை மணிக்கே கல் சுட ஆரம்பிச்சிருச்சு. பாப்பா இடுப்பை விட்டு இறங்க மாட்டேன்னுச்சு. அம்மா என் மனைவி கையைப் பிடிச்சுக்கிட்டு, நிழல் கோடு எங்க இருக்கோ அங்கேயே காலை வச்சு நடந்தாங்க.

உள்ளே வரிசையில் நாற்பது நிமிஷம். பாப்பா தரையில் படுத்து உருள ஆரம்பிச்சிருச்சு. தரிசனம் முடிஞ்சு வெளியே வந்ததும் அம்மா பொற்றாமரைக்குளத்துப் படியில் உக்காந்துட்டாங்க. எனக்கு உள்ளுக்குள் கோபம். யார் மேலன்னு தெரியல. பதினொன்றே காலுக்கு மஹாலில் இருக்கணும், அடுத்தது மியூசியம், மதியம் நடை சாத்தறதுக்கு முன்னாடி திருப்பரங்குன்றம்.

என் முகத்தைப் பார்த்துட்டு அம்மா சொன்னாங்க: "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க தம்பி. நானும் பாப்பாவும் ரூமுக்குப் போயிடறோம்."

அந்த நிமிஷம் மறுபடியும் "சரிம்மா"ன்னு சொல்லியிருப்பேன். மனைவி பேசாம அம்மா பக்கத்தில் உக்காந்துட்டாங்க. வேற வழியில்லாம நானும் உக்காந்தேன். பாப்பா குளத்து நடுவில் இருக்கிற தங்கத் தாமரையைக் காட்டி "பூ, பூ"ன்னு கத்திட்டு இருந்துச்சு. ஒரு மணி நேரத்துக்கு மேல அங்கேயே இருந்தோம். அந்த நேரத்தில்தான் அம்மா கதை சொல்ல ஆரம்பிச்சாங்க.

அறுபதுகளின் ஆரம்பம். அம்மாவுக்கு ஏழெட்டு வயசு இருக்கும். சித்திரைத் திருவிழாவுக்கு எங்க தாத்தா கூட்டுவண்டி கட்டுவாராம். வண்டியில் அப்பத்தா, கைக்குழந்தையா இருந்த தம்பி, சோத்து மூட்டை, பாய். கிளம்பறதுக்கு முதல் நாள் தாத்தா வண்டிக்காரரோடு திண்ணையில் உக்காந்து பேசுவாராம். எந்த வழியாப் போறது, எத்தனை மணிக்குச் சேர்றதுங்கற பேச்சு கொஞ்சம்தான். எந்த மண்டபத்துல இறங்கறது, எங்க மாட்டுக்குத் தண்ணி, எந்தப் பந்தல்ல மோர் நல்லா இருக்கும், எங்க புளிய மரத்தடியில ராத்திரி படுக்கறது, இதுதான் பேச்சு.

"அழகர் ஆத்துல இறங்கினதைப் பாத்தீங்களாம்மா?"ன்னு கேட்டேன்.

"எங்க பாக்க? விடியக்காலம் கூட்டத்துல அப்பா தோள்லயே தூங்கிட்டேன்" என்று சிரிச்சாங்க. "ஆனா அந்தப் பானகம் இன்னும் நாக்குல இருக்கு."

சாமி போட்ட ஷெட்யூல்

ரூமுக்கு வந்து பாப்பா தூங்கின பிறகு, அழகருடைய பயணத் திட்டத்தை நான் முதல் தடவையா ஒரு பயணத் திட்டமாகவே எடுத்துப் பார்த்தேன். சித்திரைத் திருவிழான்னா நமக்குத் தெரிஞ்சது அந்த ஒரு விடியற்காலைக் காட்சி: தங்கக் குதிரை, வைகை, லட்சக்கணக்கான ஜனங்க. அந்த ஒரு நிமிஷத்துக்கு முன்னும் பின்னும் என்ன நடக்குதுன்னு பாருங்க.

அழகர் மலையை விட்டுச் சாயங்காலம் கிளம்புகிறார். கள்ளர் வேடம், பல்லக்கு. கோயில் வாசலில் காவலுக்கு நிற்கும் பதினெட்டாம்படிக் கருப்பசாமியிடம் உத்தரவு வாங்கிக்கொள்கிறார். கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல் என்று ஊர் ஊராக நின்று நின்று ராத்திரி முழுக்க வருகிறார். மறுநாள் காலை மூன்றுமாவடியில் எதிர்சேவை. அதாவது மதுரை ஜனங்கள் எதிரே போய் அழைத்து வருவது. அப்புறம் புதூர், தல்லாகுளம். அன்று இரவு தல்லாகுளம் பெருமாள் கோயிலில் திருமஞ்சனம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக் கொடுத்த மாலை. அதற்கு மறுநாள் சித்திரைப் பௌர்ணமி விடியலில்தான் ஆறு.

கணக்குப் போடுங்க. டவுன் பஸ் ஒரு மணி நேரத்தில் கடக்கிற தூரத்துக்கு அழகர் எடுத்துக்கொள்வது ஒன்றரை நாள். ஆற்றில் இறங்கிய பிறகும் அவசரம் கிடையாது. வண்டியூரில் ஓர் இரவு, தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம், ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரம், அப்புறம் பூப்பல்லக்கு. மலைக்குத் திரும்ப கிட்டத்தட்ட ஒரு வாரம். போக வர நானூறுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகள். மண்டகப்படி என்றால், ஒரு குடும்பமோ, ஒரு தெருவோ, ஒரு தொழில் செய்கிறவர்களோ தங்கள் செலவில் சாமியை நிறுத்தி உபசரிக்கும் உரிமை.

சாமிக்குக் கால் வலிக்காது. இத்தனை தடவை ஏன் நிற்கணும்? நின்றால்தான் வர முடியாதவர்கள் பார்க்க முடியும். வீட்டு வாசலில் கட்டிலில் கிடக்கிற பெரியவர், பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி, வயல் வேலையை விட்டு வர முடியாதவர், எல்லாருக்கும் வாசலிலேயே தரிசனம். சாமி நிற்கிற இடத்தில் பந்தல் இருக்கும், பந்தல் இருந்தால் பானகமும் நீர்மோரும் விசிறியும் இருக்கும். பின்னால் நடந்து வருகிற கூட்டம் அங்கே உட்காரும். சாமியுடைய ஷெட்யூல் அப்படியே ஜனங்களுடைய ஷெட்யூல் ஆகிவிடுகிறது.

இந்தக் கோயிலை இப்படிக் கீழேயிருந்து பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் பேராசிரியர் தொ. பரமசிவன். அழகர்கோயிலைப் பற்றிய அவருடைய முனைவர் பட்ட ஆய்வு, 1989-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழக வெளியீடாகப் புத்தகமாக வந்தது. ராஜாக்களும் கல்வெட்டுகளும் என்று நின்றுவிடாமல், அங்கே வருகிற உழவர்களுக்கும் ஆடு மாடு மேய்ப்பவர்களுக்கும் கோயிலோடு என்ன உறவு என்று கேட்ட புத்தகம் அது.

திருவிழா எப்போதும் இப்படியே இருக்கவும் இல்லை. மீனாட்சி கல்யாணமும் தேரும் முன்பு மாசி மாதத்தில் நடந்தன, அழகர் சித்திரையில் சோழவந்தான் பக்கம் தேனூருக்குப் போய்க்கொண்டிருந்தார், திருமலை நாயக்கர்தான் இரண்டையும் சித்திரைக்குக் கொண்டுவந்து ஒரே விழாவாக்கினார் என்று மதுரையில் வழிவழியாகச் சொல்வார்கள். திருமலை நாயக்கர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. தேர் ஓடுவது இன்று சித்திரையில், ஆனால் ஓடுகிற தெருக்களின் பெயர் இன்னும் மாசி வீதிகள். சித்திரையில் அறுப்பு முடிந்து உழவனுக்குக் கை ஓய்ந்திருக்கும். வண்டி கட்டிக் குடும்பத்தோடு கிளம்ப அதுதான் நேரம். ராஜாவே விழா வைத்தாலும், வருகிறவர்களுக்குத் தோதான நாளாக இருந்தால்தான் கூட்டம் சேரும்.

ஒரு பாட்டியும் ஒரு கைக்குழந்தையும்

அழகர் இரவு தங்கும் தல்லாகுளத்துக்குப் பக்கத்திலேயே தமுக்கம். அங்கே இப்போது காந்தி மியூசியம் இருக்கிற கட்டடம் பழைய தமுக்கம் அரண்மனை. 1959-ல்தான் அது மியூசியம் ஆனது. அதற்கு முன்னால் அந்த அரண்மனையோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் ராணி மங்கம்மாள்.

மங்கம்மாளின் கதையைப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். 1689-ல் அவருடைய மகன் ரங்க கிருஷ்ண முத்துவீரப்ப நாயக்கர் அம்மை நோயில் இறந்துபோகிறார். மருமகள் நிறைமாதக் கர்ப்பிணி. பிள்ளையைப் பெற்றுவிட்டு அவரும் இறந்துபோகிறார். மிஞ்சினது ஒரு பாட்டியும் ஒரு பேரனும். மூன்று மாதக் குழந்தைக்கு விஜயரங்க சொக்கநாதன் என்று பட்டம் கட்டி, பாட்டி திருச்சியிலிருந்து நாட்டை நடத்துகிறார். ஏறத்தாழ 1706 வரைக்கும். சுற்றிலும் முகலாயர், மராட்டியர், மைசூர், திருவிதாங்கூர், தஞ்சாவூர் என்று எல்லாப் பக்கமும் நெருக்கடி.

அந்தப் பாட்டியின் பெயரைத் தென் தமிழ்நாட்டு ஜனங்கள் எதற்காக நினைவில் வைத்திருக்கிறார்கள்? சாலைக்காக. மதுரையிலிருந்து தெற்கே கன்னியாகுமரி வரை போகும் பழைய சாலைக்கு மங்கம்மாள் சாலை என்றே பெயர். இரண்டு பக்கமும் மரம், இடையிடையே கிணறு, தண்ணீர்ப் பந்தல், தங்கிச் சாப்பிடச் சத்திரம். இடது கையால் வெற்றிலை எடுத்துப் போட்டுக்கொண்டதற்குப் பரிகாரமாக இவ்வளவு தர்மமும் செய்தார் என்று ஒரு கதை கூட உண்டு. மதுரை ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே மங்கம்மாள் சத்திரம் நிற்கிறது. ரயில் மதுரைக்கு வந்தது 1875-ல். சத்திரம் அதற்கும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் மூத்தது.

பேரனை வளர்த்த பாட்டி என்பதால்தான் மங்கம்மாள் சத்திரம் கட்டினார்னு நான் கதை கட்டப் போறதில்ல. சத்திரம், சாவடி, தண்ணீர்ப் பந்தல் எல்லாம் அந்தக் காலத்தில் அரசர்களும் வியாபாரிகளும் செய்த தர்மம். ராஜா இல்லாமல் சாதாரணக் குடும்பங்களும் செய்தார்கள். பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீங்க: இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் கிடத்தியிருக்கும். தலைச்சுமையை இன்னொருத்தர் உதவி இல்லாமல் இறக்கி வைத்து, திரும்பத் தூக்கிக்கொள்ள வசதியான உயரம். கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவார்கள். இறக்கி வைக்க முடியாமல் போன சுமையை நினைத்து, வழிப்போக்கர் சுமையை இறக்க ஒரு கல்.

இது எல்லாமே ஒரே கணக்கில் கட்டினவை. கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் எவ்வளவு தூரம் நடப்பாரோ, அவ்வளவு தூரத்துக்கு ஒன்று.

ரயிலும் பஸ்ஸும் வந்ததும் அந்தக் கணக்கு மாறிடுச்சு. இடையில் தங்காமல் போக முடியும்போது இடைவழி மண்டபம் யாருக்கு வேணும்? நல்லதுதான், எங்க தாத்தாவே பஸ் வந்ததும் வண்டியை வித்துட்டார். நெஞ்சு வலின்னா ஒன்றரை நாள் வண்டியில் போக முடியாது. வேகத்தை நான் குறை சொல்லல. ஆனா மேப்பைத் திறந்தா மீனாட்சி கோயிலிலிருந்து அழகர்கோவில் இத்தனை கிலோமீட்டர், இத்தனை நிமிஷம்னு காட்டுது. நடுவில் நிழல் எங்க, திண்ணை எங்க, குழந்தைக்குத் துணி மாத்த இடம் எங்கன்னு காட்டாது. நானும் மேப் காட்டினதை வச்சேதான் ஷீட் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, மலையடிவாரம்

ஞாயிறு காலை ஷீட்டில் ஆறு வரியை அழிச்சோம். அழகர்கோவில் மட்டும். ஆறரைக்கே கிளம்பி, அழகர் வந்த வழியில் எதிர்த்திசையில் போனோம்: தல்லாகுளம், புதூர், மூன்றுமாவடி, கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி. அம்மா ஜன்னல் பக்கம். ரோட்டோரத்தில் கல் மண்டபம் வரும்போதெல்லாம் டிரைவர் தம்பியிடம் "மெதுவா"ன்னாங்க. மூணு இடத்தில் நிறுத்தினோம். ஒரு மண்டபத்துத் திண்ணையில் பாப்பா பத்து நிமிஷம் ஏறி இறங்கி விளையாடுச்சு. முக்கால் மணி நேர வழிக்கு ஒன்றரை மணி நேரம் ஆச்சு. முதல் நாள் மாதிரி யாருக்கும் மூச்சு வாங்கல.

கோட்டைச் சுவரைத் தாண்டி உள்ளே போனதும் முடிக்கொட்டகை. பாப்பா அம்மா மடியில். கத்தி தலையில் பட்டதும் ஊரைக் கூட்டுச்சு. அம்மா அதன் காதில் ஏதோ சொல்லிக்கிட்டே இருந்தாங்க, எனக்குக் கேட்கல. தலையில் சந்தனம் பூசினதும் அழுகை நின்னு, தன் தலையைத் தானே தடவிப் பார்த்துச்சு.

அப்புறம் கருப்பசாமி. ராஜகோபுர வாசலில் சிலை கிடையாது, சந்தனம் பூசிய மூடின கதவுதான் சாமி. மந்திரவாதிகள் பதினெட்டுப் பேர் அழகரின் சக்தியைத் திருட வந்து பதினெட்டுப் படிக்குக் கீழே புதைந்தார்கள், காவலுக்குக் கருப்பன் நிற்கிறார் என்பது கதை. வீட்டுச் சண்டை, வரப்புச் சண்டைக்கு இந்தப் படியில் வந்து சத்தியம் பண்ணுவாங்க. பொய் சொல்ல ஆளுக்கு தைரியம் வராது.

பெருமாளைக் கும்பிட்டுட்டு வந்து, அழகர்கோவில் தோசை வாங்கினோம். உளுந்து, அரிசி, மிளகு போட்டு, நெய்யில் வேகற கனமான தோசை. பாப்பா பாதி சாப்பிட்டுச்சு. மீதியை ஒரு குரங்கு அதுங்கிட்ட கேட்காமலேயே எடுத்துக்கிச்சு.

அடுத்தது ஷீட்டில் நூபுர கங்கை. மலை மேல் சுனை. மேலே போகக் கோயில் பஸ் இருக்கு, ஆனா இறங்கினதும் படி ஏறணும். நான் பெருந்தன்மையா, "வேண்டாம்மா, யாரும் போக வேண்டாம், எல்லாரும் இங்கேயே இருப்போம்"னு சொன்னேன். அம்மா பாராட்டுவாங்கன்னு நினைச்சேன். அவங்களுக்குக் கோபம் வந்துடுச்சு.

"என்னைச் சாக்கா வச்சு நீங்க போகாம இருந்தீங்கன்னா, அடுத்த தடவை நான் கிளம்பவே மாட்டேன். ரூம்ல விட்டுட்டுப் போறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

எனக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆச்சு. இரண்டு வருஷமா அவங்க பயந்தது மூட்டு வலிக்கு இல்ல. நாலு பேருடைய நாளைத் தான் ஒருத்தியே நிறுத்திடுவோமோன்னுதான் பயம். உக்கார ஒரு நல்ல இடம் இருந்தா அந்தப் பயம் இல்ல. அவங்க உக்காருவாங்க, மத்தவங்க போயிட்டு வருவாங்க, யாரும் யாரையும் நிறுத்தல. மண்டபம் செஞ்ச வேலை அதுதான்.

மனைவி மட்டும் பாட்டில் எடுத்துக்கிட்டு பஸ் ஏறிப் போனாங்க. நான், அம்மா, பாப்பா மூணு பேரும் மண்டபத்து நிழலில். பாப்பா அம்மா மடியில் தூங்கிடுச்சு. பக்கத்தில் மேலூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தவங்க, அவங்களும் பேரனை மடியில் போட்டிருந்தாங்க. பத்து நிமிஷத்தில் இரண்டு பேரும் ஏதோ ஒரு கல்யாணத்தில் சொந்தம் கண்டுபிடிச்சுட்டாங்க. நடுவில் ஒரு தடவை அம்மா பேச்சை நிறுத்திட்டு, மலை உச்சிப் பக்கம் திரும்பி, மடியில் பிள்ளை இருந்ததால் ஒரு கையை மட்டும் நெஞ்சில் வச்சுக் கும்பிட்டாங்க. பரிபாடல் படிக்காதவங்க அவங்க.

அடுத்த தடவை

குழந்தையையும் பெரியவங்களையும் கூட்டிக்கிட்டு மதுரைப் பக்கம் போறவங்களுக்கு நான் கத்துக்கிட்ட நாலு விஷயம். அரை நாளுக்கு ஒரு பெரிய இடம், அதுக்கு மேல வேண்டாம். காலையில் ஏழிலிருந்து பத்து, சாயங்காலம் நாலரைக்கு மேல்; நடுப்பகலில் கோயில் நடையும் சாத்தியிருக்கும், கல்லும் சுடும், குழந்தையும் தூங்கும். சாயங்காலத்துக்கு வண்டியூர்த் தெப்பக்குளம் மாதிரி காற்று வர்ற, உக்கார இடம் இருக்கிற ஒரு இடத்தை வச்சுக்கோங்க. நாங்க சனிக்கிழமை அங்கேதான் இருட்டற வரைக்கும் உக்காந்திருந்தோம். நாலாவது, பிரிஞ்சு போகக் கூச்சப்படாதீங்க. ஆனா யாரை விட்டுட்டுப் போறீங்களோ அவங்களுக்கு நல்ல நிழலும் பேச்சுத் துணையும் இருக்கான்னு பாருங்க. ரூம் சுவரைப் பார்த்து உக்கார வைக்காதீங்க.

11 இடத்தில் நாங்க பார்த்தது மூணு. கீழடி, திருப்பரங்குன்றம், மஹால் எல்லாம் அப்படியே இருக்கு, எங்கேயும் ஓடிப் போகாது. அம்மா ரயிலில் வரும்போது ஷீட்டை வாங்கிப் பார்த்துட்டு, கீழடிக்குப் பக்கத்தில் ஒரு சொந்தக்காரங்க வீடு இருக்கு, அங்க திண்ணை நல்லாருக்கும்னு சொன்னாங்க. ஷீட்டில் இப்போ புதுசா ஒரு கட்டம் சேர்த்திருக்கேன்: உக்கார இடம். அதை முதலில் நிரப்பிட்டுத்தான் மத்தது.

உங்க ஊர்ச் சாலையில் இன்னும் உக்கார முடியற மண்டபமோ, சத்திரமோ, சுமைதாங்கியோ இருந்தா எங்களுக்கு எழுதுங்க. அது யார் கட்டினதுன்னு உங்க வீட்டுப் பெரியவங்க கிட்ட கேட்டு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.